தாய்மாமன் ஊதும் பை

வேண்டாமுங்க தம்பி, நீங்களே சாப்பிடுங்க. மசால் வடையில வெங்காயம் இருக்கும், பூண்டையும் தட்டிப் போட்டிருப்பான். வாசம் நல்லாத்தான் இருக்குது, இல்லைங்கல. ஆனா நான் இன்னைக்கு ஊதற ஆளுங்க. ஊதறதுக்கு முந்துன நாள் பொழுதோடயே வெங்காயம் பூண்டெல்லாம் நிறுத்திப் போடணும். காலையில வெறும் தண்ணிதான்.

அட, அப்படிப் பார்க்காதீங்க. போலீஸ்காரன் வண்டியை மறிச்சு ஊதச் சொல்றானே, அந்த ஊதல் இல்லைங்க. இது, இந்த பஸ்ஸு போகுதே, அந்தக் கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில ஊதறது. ஒரு பை குடுப்பாங்க, பளபளன்னு வெள்ளித் தாள் மாதிரி இருக்கும். அதுல மூச்சை ஊதிக் குடுக்கணும். அப்பறம் கையில ஒரு ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்குவாங்க. அந்த மூச்சை மெஷின்ல விட்டா அதுக்குள்ள என்னென்ன கலந்திருக்குதுன்னு பிரிச்சுச் சொல்லிப்போடும். சீக்கு இருக்கறவிங்க மூச்சையும் ரத்தத்தையும், சீக்கில்லாதவிங்க மூச்சையும் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறது. அது ஒரு ஆராய்ச்சிங்க. நான் சீக்கில்லாத பக்கம்.

என் பேரு ஆறுச்சாமிங்க. காங்கயத்துல தேங்காய் களம் வெச்சிருக்கேன். வயசுல நான் கபடி ஆடினவனுங்க. நான் பாடிட்டு உள்ள எறங்குனா, எதிர்க்கட்சிக்காரன் பீடி பத்த வெச்சுக் குடிச்சு முடிக்கற வரைக்கும் பாட்டு நிக்காதும்பாங்க. அந்த மூச்சு. அதைத்தான் இப்ப ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டிருக்கேன்.

சீக்கு யாருக்கா? என் தங்கச்சி மகளுக்குங்க. தாரணின்னு பேரு. சீக்குப் பேரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இதை வாய் குழறாம சொல்றதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆச்சுங்க. பொறக்கும்போதே கூட வர்றது. யாரையும் தொத்தாது, பயப்படாதீங்க. நெஞ்சுக்குள்ள சளி பசையாட்டம் ஒட்டிக்கும், எறங்காது. சாப்பிட்டா செரிக்கறதுக்கு மாத்திரை போட்டுக்கணும். வேர்வை உப்போ உப்பு. கைக்குழந்தையில கன்னத்துல முத்தம் வெச்சா ஊறுகாய் தொட்ட மாதிரி இருக்கும். நாங்க என்ன கண்டோம், உப்பைக் கூடப் போடற தங்கச்சி கைப்பக்குவம் புள்ளைக்கும் ஏறிருச்சுன்னு கேலி பேசிட்டிருந்தோம். அப்பறம்தான் டாக்டருங்க கண்டு சொன்னாங்க.

தினம் காலையில முதுகைத் தட்டி விடணுங்க. உள்ளங்கையைக் குழிச்சு வெச்சுக்கிட்டு, மெதுவா, டொப்பு டொப்புன்னு. அப்பத்தான் சளி கழண்டு வரும். அது என் சோலி. அவங்கப்பன் தட்டினா தூசி தட்டற மாதிரி இருக்குதும்பா. நான் தட்டினாத்தான் அம்மிணிக்கு ஆகும். எனக்கு வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து வெகு நாளாச்சு, புள்ளை குட்டி இல்லை. மேல் வீட்டுல நான், கீழ் வீட்டுல தங்கச்சி தெய்வானை, மாப்பிள்ளை, தாரணி. சாப்பாடு எனக்குக் கீழதான். அவ ஒருத்தி இருமுனா எனக்குச் சோறு எறங்காதுங்க. அவ்வளவுதான் என் குடும்பம்.

சொல்ல வந்தது என்னன்னா, போன வருஷம் அம்மிணிக்கு ஊதற கணக்கு கொறைஞ்சுட்டே வந்துச்சுங்க. ஒரு குழாயில ஊதச் சொல்லி நெஞ்சு எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்ப்பாங்க. மாசத்துக்கு மாசம் கொறையுது. ரெண்டு தடவை படுக்க வெச்சு மருந்து ஏத்தினாங்க. பிளஸ் டூ படிக்கற புள்ளை, கையில ஊசியைக் குத்திக்கிட்டே கணக்குப் போடுது. நாங்க எல்லாம் வெசனத்துல கெடக்கறோம்.

அப்பத்தான் அவளுக்கு வைத்தியம் பார்க்கற டாக்டரம்மா இந்த ஆராய்ச்சியில சேர்த்து, அவ மூச்சையும் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தாங்க. பார்த்துட்டு எங்க எல்லாத்தையும் உள்ள கூப்பிட்டாங்க. "இந்தப் பொண்ணு மூச்சுல புகை இருக்குது. ரத்தத்துலயும் புகையிலையோட தடம் இருக்குது. இவ குடிக்கல, யாரோ குடிக்கற புகை இவளுக்குள்ள போகுது. வீட்டுல யாரு குடிக்கறது?"ன்னு கேட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பச்சப்புள்ளை நெஞ்சுக்குள்ள புகையை விட்டவன் எவன்டா? டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. நானும் அவிங்களைப் பார்த்தேன். அப்பறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவரு பாவம், டீ கூடக் குடிக்காத மனுஷன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அதுவே எனக்குச் சந்தேகமாப் போச்சு.

நடுவுல ஒண்ணு சொல்லிப்போடறேன், நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. எனக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டுங்க. பீடி சிகரெட்டெல்லாம் தொட மாட்டேன், அது கெட்ட பழக்கம். சுருட்டு, அதுவும் சாப்பாட்டுக்கு அப்பறம் செரிமானத்துக்கு. காலையில ஒண்ணு, வயித்தைக் கெளப்பறதுக்கு. சாயங்காலம் ஒண்ணு, சும்மா. அது மருந்துக் கணக்குல வந்துரும். மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னால நின்னு குடிப்பேன். புகைங்கறது மேல போற சாமான், அது உங்களுக்கே தெரியும். அம்மிணி ரூமு கீழ. டேங்குக்கு நேர் கீழதான் அவ ஜன்னல், ஆனா கீழதானுங்களே.

அதுவும் யாருக்கும் தெரியாது. குடிச்சு முடிச்சா கொய்யா எலையை மென்னு துப்பிட்டுத்தான் எறங்குவேன். ஒரு தடவை தங்கச்சி, "ஏண்ணா, நம்ம கொய்யா மரத்துல மாடிக்கு எட்டற கெளை மட்டும் மொட்டையா நிக்குது, என்ன பூச்சியோ தெரியல"ன்னா. மருந்து அடிக்கறேன்னு சொல்லிட்டேன். வெகுளிங்க அவ.

சரி, ஆளைக் கண்டுபுடிக்கணுமில்லைங்க? நானே எறங்கினேன். மொதல்ல வீட்டுல ஊதுபத்தியை நிறுத்தினேன். சாம்பிராணியை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை சாமி கும்பிடறப்ப சூடம் கூட வேண்டாம்னுட்டேன், தங்கச்சி வெறும் பூவைப் போட்டுக் கும்பிட்டா. அப்பறம் மாப்பிள்ளை சட்டையை எல்லாம் கொடியில இருந்து எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்துச்சு. அவ்வளவு சோப்பு எதுக்குப் போடறாருன்னு அதுல ஒரு சந்தேகம். பால்காரனை வாயைத் தெறக்கச் சொன்னேன். அடுத்த நாள்ல இருந்து அவன் பாலைக் கேட்டுலயே மாட்டிட்டுப் போயிடறான்.

எங்களுக்குக் கெழக்கால தோட்டத்துல ஒருத்தன் தேங்காய்த் தொட்டி சுடறான். தொட்டின்னா கொட்டாங்குச்சிங்க, குழியில போட்டு எரிச்சுக் கரியாக்கறது. நான் போய் வேலியோரம் நின்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, வேலையாளுங்க அத்தனை பேரும் சோத்துப் போசியை மூடிட்டாங்க. டாக்டரம்மா என்னமோ, "அது கரிப்புகைங்க, நாங்க சொல்றது புகையிலை"ன்னாங்க. புகையில என்னங்க சாதி? புகைன்னா புகைதான்.

அப்பறம் நாச்சிமுத்து. மாப்பிள்ளைக்கு அண்ணன், தாரணிக்குப் பெரியப்பன், உடுமலையில இருக்கறான். மூக்குப்பொடி போடற ஆளு. ஒரு விசேஷத்துக்கு வந்தவன், திண்ணையில பேசிட்டே டப்பாவைத் தட்டினான். புடுங்கிக் கெணத்துல போட்டுட்டேன். "பொடியில புகை வராதுங்க மச்சான்"ங்கறான். மூக்குக்குள்ள போனது ஒரு நாளைக்கு வெளிய வந்துதானே ஆகணும்?

இத்தனையும் பண்ணினப்பறம் மறுபடி அம்மிணி மூச்சை எடுத்தாங்க, ரத்தத்தை எடுத்தாங்க. புகை மொதலுக்கு இருந்ததை விட ஜாஸ்திங்க. அந்த அலைச்சல்ல எனக்குச் சுருட்டு தினம் ரெண்டு கூடிப் போச்சு, அப்படியும் ஆளு சிக்கல. எனக்குத் தலையே சுத்திருச்சு. டாக்டரம்மா தங்கச்சியைப் பார்த்து, "இந்தப் புகை நிக்கலைன்னா நெஞ்சு இன்னும் கெடும், திரும்பி வராது. நிக்கற வரைக்கும் பொண்ணை வேற வீட்டுல வைங்க"ன்னுட்டாங்க. நாச்சிமுத்து உடனே போன்ல, "உடுமலையில காத்து நல்லா இருக்கும், நம்மூட்டுக்கு அனுப்புங்க"ங்கறான். தங்கச்சி அழுதுட்டே புள்ளையோட துணியை எடுத்து வெக்கறா.

என் நெலமையை நினைச்சுப் பாருங்க தம்பி. யாரு முதுகைத் தட்டுவா? அவன் பொடி போட்ட கையில தட்டுவானா? அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. மாடியில போய் டேங்குக்குப் பின்னால ஒக்காந்து, துக்கம் தாங்காம ரெண்டு சுருட்டு சேர்த்துக் குடிச்சேன்.

குடிச்சு முடிச்சு கொய்யா எலை வாயில இருக்குது, படியில இருமற சத்தம் கேக்குது. தாரணி. மாடிப்படி ஏற மாட்டாத புள்ளை, ரெண்டு படிக்கு ஒருக்கா நின்னு நின்னு ஏறி வந்துட்டா. வந்து டேங்கு மேல சாஞ்சு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினா. அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சுல கத்தி வெச்ச மாதிரி இருந்துச்சுங்க. டேங்கைப் பார்த்தா. கீழ அவ ஜன்னலை எட்டிப் பார்த்தா. என் வாயில இருந்த கொய்யா எலையைப் பார்த்தா.

அப்பறம், "மாமா, ஒரு ஒதவி"ன்னா. "ஆராய்ச்சிக்கு, நோயில்லாத ஆளு ஒருத்தர் வேணுமாம். என் கூட ஒரே வீட்டுல இருக்கறவங்களா இருக்கணும். வாராவாரம் மூச்சும் ரத்தமும் குடுக்கணும். நான் உடுமலைக்குத்தான போகப் போறேன், அதனால பெரியப்பாவைக் கேக்கலாம்னு இருக்கேன்"ன்னா.

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. "பெரியப்பனா? அம்மிணி, நீ என்ன பேசறே? உனக்கு மொட்டையடிச்சுக் காது குத்தினது யாரு மடியில? நீ வயசுக்கு வந்தப்பத் தெரட்டிச் சீருக்குப் பச்சை ஓலை கட்டிக் குடிசை போட்டது யாரு? நாளைக்கு உன் கல்யாணத்துல மொதச் சீரு யாரு வெக்கறது? தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, மூச்சை மட்டும் பெரியப்பன் ஊதறதா? ஊர்ல நாலு பேரு என்னை என்ன கேப்பாங்க?"ன்னேன்.

"இல்லைங்க மாமா, அது கஷ்டம். அதுக்கு ஒரு சுத்தபத்தம் இருக்குது"ன்னா. வெங்காயம் பூண்டு ஆகாது, அது ஊதறதுக்கு முந்துன நாள் மட்டும். புகையிலை மட்டும் எந்த நாளும் ஆகாது, எந்த ரூபத்துலயும் ஆகாது, ஒரு இழுப்பு இழுத்தாலும் மெஷின் காட்டிக் குடுத்துருமாம். "மாமாவுக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே, ஆனாலும் வயசான காலத்துல எதுக்கு உங்களைச் செரமப்படுத்தணும்"னா.

"என்னடி கண்ணு, பழனிக்கு நடந்து போறப்ப விரதம் இருக்கறதில்லையா நானு? இது அந்த மாதிரி ஒரு விரதம். எழுது என் பேரை"ன்னுட்டேன். அப்பவே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. உடுமலைக்குப் போறதையும் ஒரு மாசம் தள்ளிப் போட்டாங்க. ஆராய்ச்சிக்கு ஆளு இங்கதானே இருக்குது.

மொத நாள் போனேன் பாருங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தியில துந்நூறு. முந்துன நாள் ராத்திரி கடைசியா ஒண்ணே ஒண்ணு, சாமி கும்பிட்டுட்டுக் குடிச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு காலையில கிராம்பு மென்னேன், ஏலக்காய் மென்னேன், துளி பச்சைக் கற்பூரம் நாக்குல வெச்சுக்கிட்டேன், கொய்யா எலை எப்பவும் போல. மூச்சு குடுக்கப் போறோம், மணமாக் குடுக்க வேண்டாமா? கோயிலுக்குக் குடுக்கற சாமான் மாதிரிதானே இதுவும்.

அங்க லேபுல ரெஜினான்னு ஒரு பொண்ணு. "ஐயா, மெதுவா, சீரா ஊதுங்க, கடைசியில வர்ற மூச்சுதான் எங்களுக்கு வேணும்"னுச்சு. கடைசி மூச்சுதானே, அதுக்குத்தானே நான் பேரு போனவன். தொடையைத் தட்டி, மண்ணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ஒரே புடி. பை டப்புன்னு தையல் விட்டுப் போச்சு. பக்கத்து ரூமுல இருந்து ஒரு டாக்டர் ஓடியே வந்துட்டாரு. ரெண்டாவது பையை அந்தப் பொண்ணும் இன்னொருத்தரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டாங்க, அப்பறம் ஊதினேன்.

அடுத்த வாரம் போனா அந்த ரெஜினா என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. "ஐயா, உங்க மூச்சை மெஷின்ல விட்டா மளிகைக்கடை மாதிரி வருது. கிராம்பு வருது, ஏலக்காய் வருது, கற்பூரம் வருது. அதுக்கெல்லாம் அடியில புகையிலையும் வருது"ன்னுச்சு.

"மளிகைக்கடையில புகையிலையும் விப்பாங்கதானே அம்மிணி"ன்னேன்.

"ரத்தத்துலயும் இருக்குதுங்களே ஐயா"ன்னுச்சு. "இதைச் சேர்க்காம விட்டுடறேன். இன்னைக்கும் வேண்டாம். பத்து நாள் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா அந்தப் பெரியப்பாவைத்தான் கூப்பிட்டாகணும், எங்களுக்கு வேற வழியில்லை"ன்னுச்சு. சின்னப் பொண்ணு, ஆனா எங்க அடிச்சா வலிக்கும்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

அன்னைக்கு வர்ற வழியிலயே சுருட்டுக் கட்டை நொய்யல்ல வீசிட்டேன். நாச்சிமுத்து ஊதிருவானோங்கற பயம்ங்க. வேற ஒண்ணுமில்லை.

அந்தப் பத்து நாளும், அதுக்கப்பறம் ஒரு மாசமும் நான் பட்ட பாடு இருக்குதே. கெரகம் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. களத்துல தேங்காய் ஒடைக்கறவிங்க நான் வர்ற பக்கமே வர மாட்டாங்க. எருமைமாட்டைப் பார்த்துத் திட்டினேன், அது என்ன பண்ணுச்சு பாவம். கைக்கு வேலை வேணும்னு கடலை மிட்டாயா வாங்கித் தின்னு கடைவாய்ப்பல்லு ஒண்ணு போச்சு. டிவியில எவளோ மாமியாகிட்டத் திட்டு வாங்கறா, அதுக்கு நான் இங்க தேம்பி அழுதேன். தங்கச்சி ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. முருங்கைக்கீரை ரசம் வெச்சு வெச்சுக் குடுத்தா. ஒரு நாள் தட்டை வெச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீ நல்லா இருக்கணும்ணா"ன்னு கண்ணுல தண்ணி விட்டா. என்னத்துக்குன்னே தெரியலீங்க. புள்ளை வெசனத்துல இருந்தவளாச்சே, அப்படித்தான் திடீர் திடீர்னு அழுவா.

ஆனா தம்பி, ரெண்டாவது தடவை என் மூச்சைப் பார்த்துட்டு ரெஜினா சொன்ன வார்த்தையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "சுத்தமா இருக்குதுங்க ஐயா"ன்னுச்சு. கபடியில கோப்பை வாங்கினப்பக் கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

கொஞ்ச நாள்ல பாருங்க, தாரணி மூச்சுலயும் புகை இல்லை. ரத்தத்துலயும் தடம் கொறைஞ்சு கொறைஞ்சு, இல்லாமயே போச்சு. குழாயில ஊதற கணக்கு நின்னுச்சு, அப்பறம் மேல ஏறுச்சு. மருந்து ஏத்தப் படுக்கறதும் நின்னுபோச்சு. பரீட்சையைப் பள்ளிக்கூடத்துலயே போய் எழுதினா. உடுமலைப் பேச்சே எடுக்கல யாரும். மாடிப்படியை இப்ப நிக்காம ஏறி வர்றா. கொஞ்சம் இருங்க, கண்ணாடியைத் தொடைச்சுக்கறேன்.

டாக்டரம்மா எல்லார் முன்னாடியும் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "இதுக்கு நீங்கதான் காரணம்"னாங்க. "பரவாயில்லைங்க, அந்தத் தொட்டி சுடறவனை அன்னைக்கே ஒரு சத்தம் போட்டதுதான்"னு நானும் அடக்கமாச் சொன்னேன். அவன் இன்னும் சுட்டுட்டுத்தான் இருக்கான். ஆனா பயந்துட்டே சுடறான். நாச்சிமுத்துகிட்டயும், உன் டப்பாவைக் கெணத்துல போட்டதுலதான் புள்ளை பொழைச்சுதுன்னு சொன்னேன். ஆமாங்க மச்சான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தோளு மட்டும் குலுங்குச்சு. தப்பை உணர்ந்துட்டான்.

அம்மிணி இப்ப காங்கயத்துலயே காலேஜ் போறா. ஆராய்ச்சி கூட முடிஞ்சு போச்சுங்களாம். அந்த ரூமுல முந்தி கூட்டமா இருக்கும், பெஞ்சு பத்தாது. இப்ப யாரும் வர்றதில்லை. மத்தவிங்க எல்லார்த்தையும் போதும்னு அனுப்பிட்டாங்க. என்னை மட்டும் விட மாட்டேங்கறாங்க. வாரம் ஒருக்கா இந்த பஸ்ஸைப் புடிச்சுப் போயி ஊதிக் குடுத்துட்டு வர்றேன். ரத்தம் கூட எடுக்கறதில்லைங்க இப்ப, மூச்சு மட்டும் போதும்கறாங்க.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. போன வாரம் கண்ணாடியை மறந்து வெச்சுட்டேன்னு திரும்பி லேபுக்குள்ள போனேன். அந்தப் பொண்ணு என் பையை மெஷின்ல மாட்டவே இல்லைங்க. வாயைத் தெறந்து ஜன்னல் பக்கமா அமுக்கிக் காத்தை விட்டுட்டு, மடிச்சு டேபிள் டிராயருக்குள்ள வெச்சுட்டிருந்துச்சு. அடுத்த வாரத்துக்கு அதே பைதான் போல. என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போச்சு. "ஏன் சாமி பயப்படறே, அவ்வளவு நம்பிக்கையா என் மூச்சு மேல?"ன்னேன். "ஆமாங்க ஐயா, உங்களுதைப் பரிசோதிக்கவே தேவையில்லைங்க"ன்னுச்சு. எத்தனை பேருக்குங்க இந்தப் பேரு கெடைக்கும்?

வீட்டுக்கு வந்து தாரணிகிட்ட இதைச் சொன்னேன். அவ முதுகைத் தட்டிட்டே, "இன்னும் எத்தனை நாளைக்குடி கண்ணு நான் ஊதணும்?"னு கேட்டேன். திரும்பிப் பார்க்காமச் சொல்றா, "நான் மூச்சு விட்டுட்டு இருக்கற வரைக்கும் மாமா"ன்னு.

"அது ரொம்ப நாள் ஆகுமே புள்ளே"ன்னேன்.

"ஆகட்டுங்க மாமா"ன்னா.